பன்னிரண்டு கோடி ரூபா கணினி: சிரித்தவர்களுக்கும் கைதட்டியவர்களுக்கும்

2013 நவம்பர் 23ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் நகரில், சொத்பீஸ் என்ற பெயர்பெற்ற ஏலக் கம்பனியின் மண்டபத்தில் ஒரு கணினி ஏலத்தில் போனது. விலை 9 இலட்சத்து 77 ஆயிரம் டொலர். எமது காசுக்கு அன்று 12 கோடியே 70 இலட்சம் ரூபா அளவில் வந்தது.

அப்படி அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அது அப்பிள் கம்பனியின் மெக் புரோ என்ற கணினி. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய உயரம், உருண்டை வடிவம். அதே கணினி கறுப்பு நிறத்தில் டிசம்பர் மாதம் கடைக்கு வந்தது. கடை விலை 2,999 டொலரிலிருந்து தொடங்கியது. ஏலத்துக்கு வந்தது சிவப்பு. உலகத்தில் அந்த ஒன்றுதான் சிவப்பு. அப்போது அப்பிளின் வடிவமைப்புத் தலைவராக இருந்த ஜொனி ஐவும் அவருடைய நண்பர் மார்க் நியூசனும் ஏலத்துக்கென்றே தேர்ந்து அமைத்த பொருட்களில் அதுவும் ஒன்று. 40 ஆயிரம் முதல் 60 ஆயிரம் டொலர் வரை போகும் என்று ஏலக்காரர்கள் முன்கூட்டிக் கணித்திருந்தார்கள். போனதோ அதைப்போலப் பதினாறு மடங்குக்கும் மேல்.

அன்றைய ஏலத்தில் இன்னும் பல பொருட்கள் இருந்தன. இவர்கள் இருவரும் வடிவமைத்த ஒரு லைக்கா கமரா 18 இலட்சம் டொலருக்குப் போனது. காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கிற கருவி ஒரு சோடி, தங்கத்தில் செய்தது, 4 இலட்சத்து 61 ஆயிரம் டொலர். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 130 இலட்சம் டொலர். பில் கேட்ஸ் தம்பதியரின் மன்றம் அதே அளவு தொகையைத் தன் பங்குக்குச் சேர்ப்பதாகவும் அறிவித்தது. இந்தப் பணம் ரெட் என்ற அமைப்பின் வழியாக, எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றையும் எதிர்க்கும் உலக நிதியத்துக்குப் போகிறது. ரெட் என்பது பாடகர் போனோவும் அவருடைய கூட்டாளி ஒருவரும் 2006இல் தொடங்கியது. அதன் வழியாகத் திரளும் பணம் ஆபிரிக்க நாடுகளில் எயிட்ஸ் நோயாளிகளின் மருந்துக்கும் சிகிச்சைக்கும் செலவாகிறது.

இதைத் தொலைக்காட்சியிலும் பிள்ளைகளின் போனிலும் பார்த்தவர்கள் எமது தோட்டங்களிலும் நிறையப் பேர். பிரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் இதைப் பற்றிப் பேச்சு அடிபட்டது. இரண்டு தோட்டக் கமிட்டிகளிலிருந்து, இதைப் பற்றிச் சங்கம் என்ன நினைக்கிறது என்று கேட்டும் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம், கணக்கில்லாமல் நாம் எதையும் பேசுவதில்லை. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி எமது நாட்சம்பளம் 450 ரூபாவாக இருந்தது. வரவுக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. எல்லாம் கிடைத்தால் 620. (நாள் குறைந்தால் அந்த 140 கிடைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.) அந்த 620ஐ வைத்து 12 கோடியே 70 இலட்சத்தைப் பிரித்தால் இரண்டு இலட்சத்து நாலாயிரத்துச் சொச்சம் நாள். வருடத்துக்கு 300 நாள் பேர் போட்டாலும் 680 வருடம் வேலை செய்ய வேண்டும். எமது முன்னோர் கண்டிச் சீமைக்கு நடந்து வந்து அப்போது 200 வருடம்கூட நிறைந்திருக்கவில்லை.

இனி மனிதர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். அந்த ஏலத்தை விட, ஏலத்தைப் பற்றி ஊர் உலகம் பேசியதுதான் எமக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரு பக்கம் சிரித்தவர்கள். அந்தக் கணினியின் வடிவத்தைப் பார்த்து ஏற்கெனவே குப்பைத் தொட்டி என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். சிவப்புக் குப்பைத் தொட்டிக்கு இவ்வளவு காசா என்று அவர்கள் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் பழசாகிப் போகிற சாமான், தங்கத்தில் செய்தால் பாட்டு இனிமையாகக் கேட்குமா, காசைக் கொடுக்க மனமிருந்தால் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகலாமே, எதற்கு இந்த வேடிக்கை என்றெல்லாம் கேலி. இன்னொரு பக்கம் கைதட்டியவர்கள். பணக்காரன் தன் காசை எப்படியும் செலவழிப்பான், அது நோயாளிக்குப் போனால் நல்லதுதானே, நீ என்ன கொடுத்தாய், கொடுக்கிறவனைக் குறை சொல்ல உனக்கு வாய் எதற்கு என்று இவர்கள் மற்றவர்களின் வாயை அடைத்தார்கள். நடுவில் ஒரு கூட்டம் அந்தப் பொருளின் அழகைப் பற்றி மட்டுமே பேசியது. இன்னொரு கூட்டம் பத்து வருடம் கழித்து அது என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் பார்த்தது. அந்தக் கடைசிக் கூட்டத்தைப் பற்றிப் பேச இங்கே இடமில்லை.

சிரித்தவர்களோடு எமக்கு உடன்பாடில்லை.

அழகாகச் செய்வதில் ஒரு தப்பும் இல்லை. அந்த லைக்கா கமராவுக்கு 561 மாதிரிகள் செய்து பார்த்தார்களாம். 55 பொறியியலாளர்கள், மொத்தம் 2,149 மணித்தியாலம் என்று கணக்கும் வெளியிட்டார்கள். கைவேலையின் அருமை தெரிந்தவர்கள் நாங்கள். மலையில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும், இரண்டு இலையும் மொட்டும் ஒடியாமல் கிள்ளுவது எப்படிப்பட்ட வேலை என்று. ஆகவே வேலையைப் பார்த்து நாங்கள் சிரிக்க மாட்டோம். (ஆனால் ஒன்று: ஒரு கமராவுக்குப் போன உழைப்பை மணித்தியாலக் கணக்கில் எண்ணிப் பெருமையாகச் சொல்கிறது உலகம். எமது தராசடியில் தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழிக்கிறவர்களுக்கும் யாராவது அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தால் நல்லது.)

அதோடு, கொடுத்த பணம் பொய்ப் பணமில்லை. அது மாத்திரையாக மாறுகிறது. சாம்பியாவிலோ லெசோத்தோவிலோ ஒரு தாய் அந்த மாத்திரையை விழுங்கித் தன் பிள்ளையை நோயில்லாமல் பெற்றெடுக்கிறாள். அவளுக்கு அந்தக் காசு சிவப்புக் கணினியிலிருந்து வந்ததா கறுப்புக் கணினியிலிருந்து வந்ததா என்பது ஒரு பொருட்டல்ல. அதே உலக நிதியம் எமது நாட்டின் மலேரியா ஒழிப்பு வேலைக்கும் உதவியிருக்கிறது. நோயாளியின் மருந்தைக் கேலிப் பொருளாக்குவது தொழிலாளர் பேச்சல்ல.

அப்படியானால் கைதட்டியவர்கள் பக்கமா நாங்கள்? அதுவும் இல்லை. அவர்களிடம் எமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த 9 இலட்சத்து 77 ஆயிரம் டொலருக்கு எத்தனை பேருக்கு மருந்து வாங்கலாம்? வாங்க முடிகிறதென்றால், அந்த விலையை அங்கே கொண்டுவந்து வைத்தது யார்?

மாத்திரையின் விலை எப்படிக் குறைந்தது

2000ஆம் ஆண்டளவில் எயிட்ஸ் நோயை அடக்கி வைக்கிற கூட்டு மருந்து ஒரு நோயாளிக்கு ஒரு வருடத்துக்கு 10 ஆயிரம் டொலருக்கும் மேல். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நோயாளிகள் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள். ஆபிரிக்காவில் சாவு வரிசையாக நடந்துகொண்டிருந்தது. மருந்தைச் செய்ய ஆகும் செலவு அவ்வளவு இல்லை. காப்புரிமையைக் கையில் வைத்திருந்த கம்பனிகள் வைத்ததுதான் விலை.

தென்னாபிரிக்காவில், 2013 டிசம்பர் 5ஆம் திகதி காலமான நெல்சன் மண்டேலா ஜனாதிபதியாக இருந்தபோது, 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மலிவான மருந்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்க அது வழி செய்தது. உடனே பெரிய மருந்துக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. வழக்கில் நின்ற கம்பனிகள் 39. முதலாவது பிரதிவாதி யார் தெரியுமா? மண்டேலாவே. இன்று அவருடைய படத்தை வைத்து மாலை போடாத கம்பனி உலகத்தில் இல்லை.

அந்த நாட்டு நோயாளிகளும் அவர்களின் ஆதரவாளர்களும் 1998 டிசம்பரில் சிகிச்சைக்கான நடவடிக்கை இயக்கம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் ஸக்கி அக்மத். அவருக்கும் அந்த நோய் இருந்தது. அவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் சாதாரண ஏழைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்கும் வரை நான் அதைத் தொட மாட்டேன் என்று அவர் வருடக்கணக்காக மறுத்துவிட்டார். எச்.ஐ.வி. இருக்கிறது என்று வெளியே சொன்னாலே அடித்துக் கொல்லக்கூடிய காலத்தில், எனக்கு இருக்கிறது என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கொசாட்டு என்ற அந்த நாட்டுத் தொழிற்சங்கச் சம்மேளனம் அவர்களோடு சேர்ந்து நடந்தது. இதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்: நோயும் மருந்தும் எங்கள் வேலையில்லை, சம்பளம்தான் எங்கள் வேலை என்று அந்தச் சங்கங்கள் ஒதுங்கி நிற்கவில்லை. செத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களின் அங்கத்தவர்கள், அவர்களின் பிள்ளைகள்.

2001 மார்ச்சில் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே ஊர்வலம். உலகத்தில் பல நகரங்களிலும் அதே நாளில் ஆர்ப்பாட்டம். ஏப்ரல் 19ஆம் திகதி 39 கம்பனிகளும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. மனம் இரங்கி வாங்கவில்லை. வெட்கம் தாங்காமல் வாங்கின.

அதே வருடம் பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா கம்பனி, அந்தக் கூட்டு மருந்தை வருடத்துக்கு 350 டொலருக்குத் தருகிறோம் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குச் சொன்னது. பத்தாயிரம் எங்கே, முந்நூற்றைம்பது எங்கே! சிப்லாவால் அது எப்படி முடிந்தது? இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் காப்புரிமை கொடுத்தது, மருந்துக்கே கொடுக்கவில்லை. வேறு முறையில் அதே மருந்தைச் செய்யலாம். ஏழை நாடு ஒன்று தன் மக்களை நினைத்து எழுதிய ஒரு சட்டம், முப்பது வருடம் கழித்து இன்னொரு கண்டத்து நோயாளிகளைக் காப்பாற்றியது. 2002 ஜூலையில் தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம், கர்ப்பிணித் தாய்மாருக்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கத்துக்கே கட்டளையிட்டது. அந்த வழக்கைப் போட்டவர்களும் அதே இயக்கத்தார்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் டொலர் விலையில் அந்தச் சிவப்புக் கணினியின் காசு 97 பேருக்கு ஒரு வருட மருந்து. 350 டொலர் விலையில் 2,790 பேருக்கு. இன்று விலை அதிலும் குறைவு, ஆட்கள் அதிலும் கூட. 97ஐ 2,790 ஆக்கியது ஏலக்காரனின் சுத்தியல் அல்ல. தெருவில் நடந்த கால்கள். ஏலத்தில் கையுயர்த்தியவரின் தாராளத்துக்கு இவ்வளவு பலம் கிடைத்ததே அந்த நடையால்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம் என்றால், ஏலத்தைப் பற்றிப் பேசிய ஆயிரம் வாயில் இந்தக் கதை வரவேயில்லை. சிரித்தவர்களும் சொல்லவில்லை, கைதட்டியவர்களும் சொல்லவில்லை. கொடுத்தவன் பெரியவனா சின்னவனா என்பதிலேயே சண்டை முடிந்துவிட்டது. வாங்குகிறவள் யார், அவள் இதற்கு முன் என்ன செய்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து

அந்த ஏலம் முடிந்து பத்து நாளில், டிசம்பர் 2ஆம், 3ஆம் திகதிகளில் வாஷிங்டனில் ஒரு கூட்டம் நடந்தது. அதே உலக நிதியத்துக்கு அடுத்த மூன்று வருடத்துக்கு யார் யார் எவ்வளவு தருவது என்று வாக்குக் கொடுக்கும் கூட்டம். அங்கே சேர்ந்த வாக்குறுதி 1,200 கோடி டொலர். ஏலத்தில் திரண்டதோ ஒரு கோடியே முப்பது இலட்சம். ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பங்கைப் பற்றி உலகம் வாய் ஓயாமல் பேசியது. மற்ற 999 பங்கைப் பற்றி எங்காவது ஒரு மூலையில் நாலு வரி.

அந்த 999 பங்கு யாருடைய காசு? அதில் மிகப் பெரும்பகுதி அரசாங்கங்களின் காசு. அதாவது வரி. பஸ் ஓட்டுகிறவர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், தொழிற்சாலையில் நிற்கிறவர் என்று அந்தந்த நாட்டு உழைப்பாளிகள் சம்பளத்தில் வெட்டிக் கொடுத்த காசு. அவர்களுக்காக யாரும் மண்டபத்தில் எழுந்து நின்று கைதட்டவில்லை. அந்தக் காசு குறைகிறபோது என்ன ஆகும் என்பதையும் 2011 நவம்பரில் பார்த்தோம். கொடுக்கிற நாடுகள் கையைச் சுருக்கியதால், புதிதாக உதவி கேட்டு விண்ணப்பிக்கும் ஒரு சுற்றையே உலக நிதியம் இரத்துச் செய்தது. எத்தனை சிவப்புக் கணினி விற்றாலும் அந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்க முடியாது.

வரி என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஏலத்துக்கு ஆறு மாதம் முன்பு, 2013 மே மாதம், அமெரிக்க செனட் சபையின் விசாரணைக் குழு ஒன்று அப்பிள் கம்பனியின் தலைவரை அழைத்து விசாரித்தது. அயர்லாந்தில் பதிவான அந்தக் கம்பனியின் கிளைக் கம்பனி ஒன்று 2009 முதல் 2012 வரை 3,000 கோடி டொலர் வருமானம் பெற்றும் எந்த நாட்டுக்கும் கம்பனி வரி கட்டவில்லை என்று அந்தக் குழு கண்டறிந்தது. சட்டப்படி கட்ட வேண்டியதையெல்லாம் கட்டியிருக்கிறோம் என்றது கம்பனி. இருக்கலாம், சட்டத்தை யார் எழுதுகிறார்கள் என்பதும் எமக்குத் தெரியும். போனோவின் இசைக் குழுவும் 2006இல், ரெட் தொடங்கிய அதே வருடம், தன் வியாபாரத்தின் ஒரு பகுதியைக் குறைந்த வரி தேடி அயர்லாந்திலிருந்து நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டது.

இவர்கள் கெட்டவர்கள் என்று நாம் எழுதவில்லை. ஐவும் நியூசனும் தங்கள் நேரத்தைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள், அதை மதிக்கிறோம். ஆனால் வரி என்பது கட்டவேண்டிய கடமை, அதற்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. தர்மம் என்பது கொடுக்கிறவனின் விருப்பம், அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். வரியை யாருக்கு எவ்வளவு செலவழிப்பது என்று கேட்க வாக்காளனுக்கு உரிமை இருக்கிறது. தர்மத்தில் கேள்வி கேட்டால் நன்றிகெட்டவன் என்ற பெயர் வரும். முதலாவதைச் சுருக்கி இரண்டாவதைப் பெருக்குவது யாருக்கு வசதி?

எமது மலையில்

ஏலம் எமக்குப் புதிய விஷயமில்லை. கொழும்பில் தேயிலை ஏலம் 1883இலிருந்து நடக்கிறது. அதற்கும் மேலே ஒரு கதை உண்டு. 1891இல் மஸ்கெலியா கார்ட்மோர் தோட்டத்திலிருந்து போன கோல்டன் டிப்ஸ் என்ற பொன்னிறத் தேயிலையை இலண்டனில் ஏலம் விட்டார்கள். இறாத்தல் 25 பவுணுக்கு மேல் போனது. இப்போது கணினியைப் பற்றிப் பேசுகிற மாதிரி அன்றைக்கு அந்தத் தேயிலையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. இலங்கைத் தேயிலைக்கு நல்ல விளம்பரம். அந்த மொட்டை ஒவ்வொன்றாகக் கிள்ளியவளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 2013இலும் கொழும்பு ஏலத்தில் தேயிலை சராசரியாகக் கிலோ 400 ரூபாவுக்கு மேல் போனது. எமது விலைப் பங்கு அதே 30 ரூபாவாகத்தான் இருந்தது.

தர்மமும் எமக்குப் புதியதல்ல. பலகைகளைத்தான் சொல்கிறோம்.

எமது அங்கத்தவர்கள் உள்ள ஒரு தோட்டத்தில் சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு குழுவினர் வந்தார்கள். நல்ல மனிதர்கள். பிள்ளைக் காம்பராவுக்கு வர்ணம் பூசினார்கள், சுவரில் யானையும் மயிலும் வரைந்தார்கள், விளையாட்டுச் சாமான் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சந்தோசம். வாசலில் பளிங்குப் பலகை ஒன்று வைத்தார்கள், இன்னாரின் அன்பளிப்பு என்று. அடுத்த மழைக்குக் கூரைத் தகரம் ஒழுகியது. எமது தோட்டத் தலைவி போய்த் துரையிடம் சொன்னார். துரை என்ன சொன்னார் தெரியுமா? அது அவர்கள் செய்து கொடுத்த கட்டிடம், அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள் என்றார்.

கட்டிடம் தோட்டத்துடையது. அதைப் பராமரிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. வர்ணம் மட்டும்தான் அன்பளிப்பு. ஆனால் பலகை வந்த நாளிலிருந்து பொறுப்பு கைமாறிவிட்டது, கேட்கிற உரிமையும் அதோடு போய்விட்டது. ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துப் பிள்ளைகளை மறு ஓரத்துக்கு ஒதுக்கினோம். சுவரிலிருந்த மயில் ஊறிக் கரைந்தது. தகரம் மாற்ற ஒன்றரை வருடமும் நாலு கடிதமும் தொழில் திணைக்களத்துக்கு ஒரு நடையும் தேவைப்பட்டது. மாற்றிய தகரத்துக்கு யாரும் பலகை வைக்கவில்லை.

நாம் போராடிப் பெற்ற எதற்கும் பலகை இல்லை. 1984 ஏப்ரலில் மலையகமெங்கும் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனது. அதற்கு முன் அதே மலையில், அதே மழையில், பெண்ணுக்குக் குறைவு. இன்றைக்குக் கொழுந்து எடுக்கிற எத்தனை இளம் பெண்களுக்கு அது தெரியும்? அன்பளிப்புப் பலகையைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். அந்த வேலைநிறுத்தத்தை வாசிக்க எங்கும் எழுத்தில்லை. கோவிந்தன் இறந்தது ஜனவரி 10ஆம் திகதி. முல்லோயாத் தோட்டத்தில் 16 சதம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் 1940இல் பொலிஸ் சுட்டுச் செத்தவர். 12 கோடி ரூபாவைப் பற்றிப் பேசுகிற இந்தக் கட்டுரையில் அந்த 16 சதத்தையும் எழுதி வைக்கிறோம்.

சங்கத்துக்குள்ளேயே ஒரு மறுப்பு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. எமது மாவட்டக் கூட்டத்தில் ஒரு மூத்த தோழர் எழுந்து கேட்டார்: "கொடுக்கிறவனையும் திட்டி அனுப்பிவிட்டால் பிள்ளைக்கு இருக்கிற புத்தகப் பையும் இல்லாமல் போகும். துரை தருவாரா, நீங்கள் தருவீர்களா?" நியாயமான கேள்வி. புத்தகப் பையை வேண்டாம் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை, அது பிள்ளையின் பை. சாம்பியாத் தாயின் மாத்திரையை வேண்டாம் என்று சொல்லவும் எமக்கு உரிமையில்லாதது போல.

அந்தக் கூட்டத்தில் அரை நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வருகிற உதவியை வாங்கலாம். வாங்குகிற அன்றைக்கே தோட்டக் கமிட்டி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இந்த இந்தப் பொருளை இன்னார் தந்தார்கள், இதனால் நிர்வாகத்தின் எந்தப் பொறுப்பும் குறையவில்லை என்று அதில் எழுத வேண்டும். கடிதத்தின் ஒரு பிரதி சங்கக் காரியாலயத்துக்கு வர வேண்டும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நன்றிப் பாட்டுப் பாட வைப்பதற்கும், பெற்றோரைக் கேட்காமல் படம் பிடிப்பதற்கும் இடம் கொடுக்கக்கூடாது. அந்த மூத்த தோழரும் இதற்குக் கை தூக்கினார். "பாட்டுப் பாடினால் பிள்ளைகளுக்குச் சந்தோசம்தானே" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் தூக்கினார்.

2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் 2015 மார்ச் 31ஆம் திகதியோடு முடிந்தது. புதிய ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலைத் தோட்டக் கமிட்டிகள் இப்போதே எழுதத் தொடங்க வேண்டும். அதோடு இன்னொரு பட்டியலும் தேவை. உங்கள் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா, மருந்துக் காம்பரா, தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம், பள்ளிக்கூடம் எங்கெங்கே அன்பளிப்புப் பலகை இருக்கிறது என்று பாருங்கள். பலகையில் உள்ள பெயரையும் திகதியையும் அப்படியே எழுதுங்கள். பக்கத்தில், அதைச் செய்து தரவேண்டிய பொறுப்பு உண்மையில் யாருடையது, இன்றைக்கு அது எந்த நிலையில் இருக்கிறது, கடைசியாக யார் எப்போது திருத்தினார்கள் என்றும் எழுதுங்கள். பெப்ரவரி மாதச் சந்தா கொண்டுவருகிற தலைவர், தலைவிமாரின் கையில் கொடுத்தனுப்பினால் போதும். கூரை ஒழுகுகிறதா என்பதை மறக்காமல் எழுதவும்.